தள்ளிப்போகும் மாதவிடாய்: ‘நீர்க்கட்டி’ என்று முடிவுகட்டும் முன்



சில மாதங்களுக்கு முன் ஒரு தாய் நம் அறக்கட்டளையின் மருத்துவ உதவிப் பிரிவுக்கு வந்தார். கையில் ஒரு ஸ்கேன் அறிக்கை. கல்லூரியில் முதலாண்டு படிக்கும் மகளுக்கு நான்கு மாதமாக மாதவிடாய் வரவில்லை. ‘இரண்டு சினைப்பைகளிலும் நீர்க்கட்டிகள்’ என்று அறிக்கையில் இருந்தது. அதைப் பார்த்த உறவினர் ஒருவர், “இதை ஆபரேஷன் செய்து எடுக்காவிட்டால் நாளைக்குப் பிள்ளை பிறக்காது” என்று சொல்லிவிட்டார். அந்த ஆபரேஷனுக்கு உதவித்தொகை கேட்டுத்தான் அந்தத் தாய் வந்திருந்தார். “வெளியே தெரிந்தால் யார் பெண் கேட்டு வருவார்கள்?” என்று சொல்லும்போதே அழுதுவிட்டார்.

பணம் கொடுப்பதற்கு முன் அரசு மருத்துவமனையின் மகளிர் பிரிவுக்கு அவர்களை அனுப்பினோம். நம் சகோதரி ஒருவர் உடன் போனார். மருத்துவர் ஸ்கேன் தாளை ஓரமாக வைத்துவிட்டுப் பெண்ணிடம் பேசினார். எப்போதும் அசதி, மலச்சிக்கல், மற்றவர்களைவிட அதிகமாகக் குளிர்வது என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தது. ரத்தப் பரிசோதனையில் தைராய்டு சுரப்பு மிகவும் குறைவு என்று தெரிந்தது. தினமும் காலையில் ஒரு தைராய்டு மாத்திரை. சில மாதங்களில் மாதவிடாய் ஒழுங்குக்கு வந்தது. அல்ஹம்துலில்லாஹ், அந்தப் பெண்ணுக்கு ஆபரேஷன் தேவைப்படவில்லை. அவளுக்கு இருந்தது நீர்க்கட்டி நோயும் இல்லை.

இதற்கு நேர்மாறான ஒன்றும் நமக்குத் தெரியும். இன்னொரு சகோதரிக்குப் பதினெட்டு வயதிலிருந்தே வருடத்துக்கு மூன்று நான்கு முறைதான் மாதவிடாய். “கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்” என்றார்கள். கல்யாணம் ஆனது. “ஒரு பிள்ளை பிறந்தால் சரியாகிவிடும்” என்றார்கள். பத்து வருடம் கழித்து வேறு எதற்கோ ரத்தம் கொடுத்தபோது சர்க்கரை நோய் இருப்பது தெரிந்தது. அதற்குப் பின்தான் அவருக்குப் பி.சி.ஓ.எஸ். இருப்பதாக முறையாகச் சொன்னார்கள்.

ஒருவர் இல்லாத நோய்க்குப் பயந்தார். இன்னொருவர் இருந்த நோயைத் தெரியாமலேயே சுமந்தார். இரண்டுக்கும் காரணம், முறையாகப் பரிசோதித்து நோயைக் கண்டறியாததுதான். அதை எப்படிச் செய்துகொள்வது என்பதை நம் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக, இருவரின் சம்மதத்தோடும் அவர்களின் அடையாளம் தெரியாதபடியும் இதை எழுதுகிறோம். இது தாய்மார்களுக்கு மட்டும் உரியதல்ல. மருத்துவச் செலவை முடிவு செய்யும் தந்தையரும் கணவன்மாரும் படிக்க வேண்டும்.

பி.சி.ஓ.எஸ். என்றால் என்ன?

பாலிசிஸ்டிக் ஓவரி சிண்ட்ரோம் என்பதன் சுருக்கம்தான் பி.சி.ஓ.எஸ். சிலர் பி.சி.ஓ.டி. என்பார்கள். நம் பக்கத்தில் ‘நீர்க்கட்டி’, ‘கர்ப்பப்பைக் கட்டி’ என்று சொல்கிறோம். இந்தப் பெயர்தான் பாதிப் பயத்துக்குக் காரணம். இது கர்ப்பப்பையில் வருவதல்ல. வெட்டி எடுக்க வேண்டிய கட்டியும் அல்ல.

பெண்ணின் இரு சினைப்பைகளிலும் முட்டைகளைக் கொண்ட சிறு பைகள் இருக்கின்றன. ஒவ்வொரு மாதமும் அவற்றில் சில வளரத் தொடங்கும். அவற்றில் ஒன்று முதிர்ந்து முட்டையை வெளியிடும். கரு உண்டாகாவிட்டால் ஏறக்குறைய இரண்டு வாரத்தில் மாதவிடாய் வரும். பி.சி.ஓ.எஸ். உள்ளவர்களுக்கு இந்த வளர்ச்சி பாதியில் நின்றுவிடுகிறது. முதிராத சிறு பைகள் அப்படியே தங்கிவிடுகின்றன. ஒவ்வொன்றும் 2 முதல் 9 மில்லிமீட்டர் அளவுதான். ஸ்கேனில் மணி கோத்ததுபோல் தெரிவது இவைதான். முட்டை வெளிவராததால் மாதவிடாயும் தள்ளிப்போகிறது.

இப்படி ஆவதற்குச் சினைப்பை மட்டும் காரணமல்ல. பலருக்கு உடல் இன்சுலினைச் சரியாக ஏற்பதில்லை. அதை ஈடுகட்ட உடல் இன்னும் அதிகமாக இன்சுலினைச் சுரக்கிறது. கூடுதல் இன்சுலின் சினைப்பையைத் தூண்டி, பெண்கள் உடலில் சிறிதளவே இருக்க வேண்டிய ஆண் ஹார்மோனை அதிகமாக்குகிறது. முகத்தில் முடி வளர்வது, பரு, தலைமுடி கொட்டுவது எல்லாம் இதனால்தான்.

1935ல் சிகாகோவைச் சேர்ந்த ஸ்டைன், லெவன்தால் என்ற இரு மருத்துவர்கள் ஏழு பெண்களை ஆராய்ந்து இதைப் பற்றி எழுதினார்கள். அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது பெரிதாகியிருந்த சினைப்பை. அதனால் பெயரும் சினைப்பையின் மேல் நின்றுவிட்டது. இன்று இதை முழு உடலின் ஹார்மோன், சர்க்கரைச் சீர்கேடு என்றே மருத்துவம் பார்க்கிறது. பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் 10 முதல் 13 சதவீதம் பேருக்கு இது இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. அவர்களில் 70 சதவீதம் வரையானவர்களுக்குத் தங்களுக்கு இருப்பதே தெரியாது என்றும் அது சொல்கிறது. இது அபூர்வமான நோயும் அல்ல. யாருடைய நடத்தையாலும் வந்த குற்றமும் அல்ல.

எப்போது பொறுத்திருக்கலாம், எப்போது போக வேண்டும்?

மாதவிடாய் தொடங்கிய முதல் நாளிலிருந்து அடுத்த மாதவிடாயின் முதல் நாள் வரை எண்ண வேண்டும். உதிரம் நின்ற நாளிலிருந்து எண்ணக் கூடாது. மருத்துவர்கள் கைக்கொள்ளும் கணக்கு இது:

– பருவமடைந்த முதல் வருடம்: முறையில்லாமல் வருவது இயல்பு. பயப்பட வேண்டாம்.

– அதன்பின் மூன்று வருடம் ஆகும் வரை: 21 நாளுக்குள் வந்தாலோ, 45 நாளைத் தாண்டினாலோ கவனிக்க வேண்டும்.

– பருவமடைந்து மூன்று வருடத்துக்குப் பிறகு: 21 நாளுக்குள் வருவது, 35 நாளைத் தாண்டுவது, அல்லது வருடத்தில் எட்டு முறைக்கும் குறைவாக வருவது ஒழுங்கற்ற மாதவிடாய்.

– முதல் வருடம் கழிந்த பிறகு எந்த வயதிலும், ஒரே ஒரு முறையாயினும் 90 நாளுக்கு மேல் வராமல் இருந்தால் மருத்துவரிடம் போக வேண்டும்.

– 15 வயது முடிந்தும் பருவமடையாவிட்டால் காத்திருக்கக் கூடாது.

திருமணமான பெண்ணுக்கு நாள் தள்ளினால் முதலில் கர்ப்பப் பரிசோதனை செய்ய வேண்டும். மாதவிடாய் ஒழுங்காக வராதவர் என்பதால் கர்ப்பமாக இருக்காது என்று நினைக்க வேண்டாம். பி.சி.ஓ.எஸ். உள்ளவர்களுக்கும் எதிர்பாராமல் கரு தங்குவதுண்டு.

மாதவிடாயோடு சேர்த்துக் கவனிக்க வேண்டியவை: மேலுதடு, தாடை, மார்பு, அடிவயிறு ஆகிய இடங்களில் தடித்த கருமுடி, மருந்துக்கும் அடங்காத பரு, உச்சந்தலையில் முடி மெலிவது, காரணம் தெரியாத எடை ஏற்றம். பின்கழுத்திலும் அக்குளிலும் தோல் கறுத்து, தடித்து, வெல்வெட் துணிபோல் இருந்தால் அது அழுக்கல்ல. இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாக இருக்கலாம். எத்தனையோ பிள்ளைகளை “ஒழுங்காகத் தேய்த்துக் குளி” என்று திட்டியிருக்கிறோம். தேய்த்தால் அது போகாது.

ஒல்லியான பெண்களுக்கும் பி.சி.ஓ.எஸ். வரும். “இவள் குச்சிபோல் இருக்கிறாள், இவளுக்கு எப்படி வரும்?” என்று ஒதுக்கிவிடக் கூடாது.

சிலவற்றுக்கு நாள் பார்க்கக் கூடாது. ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேட் நனையும் அளவு உதிரப்போக்கு, அதனோடு தலைசுற்றல் இருந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். சில மாதங்களுக்குள் முகத்தில் முடி வேகமாக வளர்வது, குரல் கரகரத்துத் தடிப்பது ஆகியவை இருந்தாலும் தாமதிக்கக் கூடாது. அது வேறு நோயாக இருக்கலாம்.

ஸ்கேன் மட்டும் பார்த்து முடிவு சொல்ல முடியுமா?

முடியாது. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதாக இருந்தால் இதை வையுங்கள்.

2003ல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் கூடிய மருத்துவ வல்லுநர்கள் ஓர் அளவுகோலை வகுத்தார்கள். 2023ல் வெளியான சர்வதேச வழிகாட்டுதலும் அதன் வழியிலேயே செல்கிறது. பார்க்க வேண்டியவை மூன்று. ஒன்று, ஒழுங்கற்ற மாதவிடாய். இரண்டு, ஆண் ஹார்மோன் அதிகமாக இருப்பது. இது முடி வளர்ச்சி போன்ற வெளி அடையாளத்திலோ ரத்தப் பரிசோதனையிலோ தெரியலாம். மூன்று, ஸ்கேனில் சினைப்பையில் நிறையச் சிறு பைகள் தெரிவது. பெரியவர்களுக்கு ஸ்கேனுக்குப் பதிலாக ஏ.எம்.எச். என்ற ரத்தப் பரிசோதனையும் இப்போது ஏற்கப்படுகிறது. இந்த மூன்றில் இரண்டு இருக்க வேண்டும். அதோடு, இதே அறிகுறிகளைத் தரும் மற்ற நோய்கள் இல்லை என்பதும் உறுதியாக வேண்டும். அப்போதுதான் பி.சி.ஓ.எஸ். என்று சொல்லலாம்.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் தெளிவாகின்றன. மாதவிடாய் ஒழுங்காக வந்து, முடி வளர்ச்சியும் இல்லாத ஒரு பெண்ணுக்கு ஸ்கேனில் மட்டும் சிறு பைகள் தெரிந்தால் அது பி.சி.ஓ.எஸ். அல்ல. மறுபக்கம், முதல் இரண்டு அறிகுறிகளும் தெளிவாக இருக்கும் பெரிய பெண்ணுக்கு நோயை உறுதிசெய்ய ஸ்கேனே தேவையில்லை. ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்பதற்காக நோய் இல்லை என்றும் ஆகிவிடாது.

பருவ வயதுப் பிள்ளைகளுக்கு விதி இன்னும் கண்டிப்பானது. வளரும் வயதில் ஆரோக்கியமான சினைப்பையிலும் சிறு பைகள் நிறைய இருக்கும். அதனால் அவர்களுக்கு ஸ்கேனையும் ஏ.எம்.எச். பரிசோதனையையும் வைத்து முடிவு செய்யக் கூடாது. முதல் இரண்டு அறிகுறிகளும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்று வழிகாட்டுதல் சொல்கிறது. ஒன்று மட்டும் இருந்தால், ‘பிற்காலத்தில் வர வாய்ப்புள்ளவர்’ என்று குறித்துக்கொண்டு, அறிகுறிக்கு மருத்துவம் செய்து, சில வருடம் கழித்து மீண்டும் பார்ப்பார்கள். 14 வயதுப் பிள்ளையின் ஸ்கேன் தாளை வைத்துக்கொண்டு அவளுடைய திருமணத்தையும் பிள்ளைப் பேற்றையும் பற்றிக் குடும்பம் கவலைப்படத் தேவையில்லை.

மற்ற நோய்களை விலக்கும் பரிசோதனைகள்

மருத்துவர் எழுதிக் கொடுக்கும் பரிசோதனைகள் எதற்கு என்று தெரிந்தால் செலவு வீண் என்ற எண்ணம் வராது.

தைராய்டு (டி.எஸ்.எச்.): மேலே சொன்ன பெண்ணுக்கு இதில்தான் விடை கிடைத்தது.

புரோலாக்டின்: பால் சுரக்கச் செய்யும் ஹார்மோன். இது கூடினாலும் மாதவிடாய் நிற்கும். பால் கொடுக்காத பெண்ணின் மார்பில் பால் கசிந்தால் வெட்கப்படாமல் சொல்ல வேண்டும். வாந்திக்குக் கொடுக்கும் டோம்பெரிடோன் போன்ற சில மாத்திரைகளாலும் இது கூடும். இந்த மருந்து சில அசிடிட்டி மாத்திரைகளிலும் சேர்ந்திருக்கும். சாப்பிட்டு வந்தால் சொல்லிவிடுங்கள்.

17 ஹைட்ராக்சி புரோஜெஸ்டிரோன்: பெயர் நீளமானது; நம் குடும்பங்களுக்கு முக்கியமானது. அட்ரினல் சுரப்பியில் பிறவியிலேயே உள்ள ஒரு குறைபாடு, பி.சி.ஓ.எஸ். போலவே முடி வளர்ச்சியையும் மாதவிடாய்க் கோளாறையும் தரும். தாய், தந்தை இருவரிடமிருந்தும் அந்த மரபுக்கூறு வந்தால்தான் இது உண்டாகும். எனவே நெருங்கிய சொந்தத்தில் மணம் முடித்த பெற்றோரின் பிள்ளைகளுக்கு வாய்ப்பு கூடுதல். உங்கள் திருமணம் சொந்தத்தில் நடந்திருந்தால் மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள். இந்த ரத்தத்தை அதிகாலையில் கொடுப்பது நல்லது.

டெஸ்டோஸ்டிரோன்: ஆண் ஹார்மோனின் அளவைப் பார்க்க. மாதவிடாயை ஒழுங்குபடுத்தும் ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால் இதில் சரியான விடை வராது. அதனால்தான் முதலில் பரிசோதனை, பிறகு மாத்திரை என்ற வரிசை வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டு, பிறகு மருத்துவரிடம் போவது கண்டறிவதைக் கடினமாக்குகிறது.

முடி கொட்டுவதற்காகப் பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதையும் சொல்ல வேண்டும். அது தைராய்டு பரிசோதனையின் முடிவைத் தவறாகக் காட்டக்கூடும். வலிப்புக்காக வேல்ப்ரோயேட் சாப்பிடும் பெண்களுக்கும் இத்தகைய அறிகுறிகள் வரலாம். ஆனால் அதைத் தாமாக நிறுத்தக் கூடாது, மருத்துவரிடம் பேச வேண்டும்.

திருமணமாகாத பெண்ணுக்கும் சில இடங்களில் கர்ப்பப் பரிசோதனை எழுதுவார்கள். நாள் தள்ளிய எல்லோருக்கும் எழுதும் வழக்கமான பரிசோதனை அது. யாரையும் சந்தேகித்து எழுதுவதல்ல. அதற்காகக் கோபித்துக்கொண்டு எழுந்து வந்த குடும்பங்கள் உண்டு. அதனால் நஷ்டப்பட்டது அந்தப் பிள்ளைதான்.

போவதற்கு முன் தயாராக வேண்டியவை

மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி, “கடைசியாக எப்போது வந்தது?” நம் பெண்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. தொழுகை இல்லாத நாட்களை நாம் கணக்கு வைத்தே பழகியவர்கள். ரமளானில் எத்தனை நோன்பு விட்டது, எத்தனை களா பிடித்தோம் என்பதும் நினைவிருக்கும். அதையே ஒரு நோட்டிலோ காலண்டரிலோ தேதி போட்டு எழுதி வையுங்கள். தொடங்கிய நாள், நின்ற நாள், அதிகமா குறைவா என்ற மூன்று விவரங்கள் போதும். ஆறு மாதக் குறிப்பு இருந்தால் மருத்துவரின் வேலை பாதியாகிவிடும்.

அதோடு இவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: எந்த வயதில் பருவமடைந்தாள், ஒரு வருடத்தில் எடை எவ்வளவு ஏறியது அல்லது இறங்கியது, குடும்பத்தில் யாருக்குச் சர்க்கரை, தைராய்டு, இதே மாதவிடாய்க் கோளாறு, இப்போது சாப்பிடும் எல்லா மருந்துகளும். நாட்டு மருந்தும் இதில் சேரும்.

முகத்து முடியை எடுத்துவிட்டுப் போவதில் தவறில்லை. ஆனால் எத்தனை நாளுக்கு ஒருமுறை எடுக்கிறோம் என்பதைச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் மருத்துவருக்கு அந்த அறிகுறி தெரியாமலே போகும்.

ஸ்கேன் என்றாலே பல தாய்மார்கள் தயங்குகிறார்கள். திருமணமாகாத பெண்களுக்கு வயிற்றின் மேல் வைத்துத்தான் ஸ்கேன் எடுப்பார்கள். உள்ளே எதுவும் செலுத்த மாட்டார்கள். நிறையத் தண்ணீர் குடித்து, சிறுநீர் முட்டும் நிலையில் போக வேண்டும், அவ்வளவுதான். பெண் மருத்துவர் வேண்டும், பரிசோதிக்கும்போது தாய் உடனிருக்க வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை. கூச்சமின்றிக் கேளுங்கள்.

அதேசமயம் பிள்ளையைச் சில நிமிடம் தனியாக மருத்துவரிடம் பேச விடுங்கள். தாய் முன்னால் சொல்லத் தயங்கும் விஷயம் ஒன்றிரண்டு இருக்கும். மனச்சோர்வு, தூக்கமின்மை, சாப்பாட்டை ஒதுக்குவது போன்றவை அப்போதுதான் வெளிவரும்.

எங்கே போவது? அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மகப்பேறு, மகளிர் நோயியல் பிரிவு இருக்கிறது. புறநோயாளிச் சீட்டு காலையில் கொடுப்பார்கள். சீக்கிரம் போவது நல்லது. ஹார்மோன் பரிசோதனைகள் எல்லாம் சிறிய மருத்துவமனைகளில் கிடைக்காமல் போகலாம். அப்போது பெரிய மருத்துவமனைக்கு எழுதித் தரும்படி கேளுங்கள். எங்கே போவது என்று குழப்பமாக இருந்தால் தமிழ்நாடு அரசின் 104 எண்ணில் மருத்துவ ஆலோசனை கேட்கலாம். தனியாரிடம் போகிறவர்கள், ‘எல்லா ஹார்மோனும் சேர்ந்த பேக்கேஜ்’ என்று லேப் சொல்வதை எடுக்க வேண்டாம். மருத்துவர் எழுதியதை மட்டும் எடுங்கள்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

“கல்யாணம் பண்ணி வையுங்கள், சரியாகிவிடும்” என்ற பதில் எங்காவது கிடைத்தால், பணிவாக இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்:

1. மூன்று அறிகுறிகளில் என் மகளுக்கு எவை இருக்கின்றன?

2. தைராய்டு, புரோலாக்டின் பார்த்துவிட்டீர்களா? அட்ரினல் பரிசோதனை தேவையா?

3. சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு பார்க்க வேண்டுமா?

4. இந்த மாத்திரை எதற்கு, எத்தனை மாதத்துக்கு?

5. மீண்டும் எப்போது வர வேண்டும்?

பதில் திருப்தியாக இல்லாவிட்டால் இன்னொரு மருத்துவரிடம் போவதில் தவறில்லை. பழைய அறிக்கைகளை ஒரு ஃபைலில் சேர்த்துக் கொண்டுபோங்கள். ஒரே பரிசோதனைக்கு இரண்டு முறை பணம் கட்ட வேண்டியதில்லை.

பி.சி.ஓ.எஸ். என்று உறுதியானால்

முதலில் செய்ய வேண்டியது சர்க்கரைப் பரிசோதனை. வெறும் வயிற்றில் ஒருமுறை ரத்தம் எடுத்து, 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடிக்க வைத்து, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி எடுப்பார்கள். இரண்டாவது அளவு 140ஐத் தொட்டால் எச்சரிக்கை, 200ஐத் தொட்டால் சர்க்கரை நோய். வெறும் வயிற்றுச் சர்க்கரை சரியாக இருந்தும் இதில் மாட்டுபவர்கள் உண்டு. நம் நாட்டவருக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு இயல்பிலேயே அதிகம் என்பதால் இதைத் தவிர்க்கக் கூடாது. ரமளானில் இதைச் செய்ய முடியாது; முன்போ பின்போ வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, மாதவிடாய் மாதக்கணக்கில் வராமலே விடக் கூடாது. கர்ப்பப்பையின் உட்சுவர் வெளியேறாமல் தடித்துக்கொண்டே போனால் பிற்காலத்தில் அங்கே புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுகிறது. மாத்திரை கொடுத்து மாதவிடாயை வரவழைப்பது இதற்காகத்தான். இதற்குக் கொடுக்கும் மாத்திரை சில சமயம் கருத்தடை மாத்திரையாக இருக்கும். அட்டையைப் பார்த்துவிட்டுப் பதறி, திருமணமாகாத பெண்ணுக்கு இதையா கொடுப்பது என்று தூக்கி எறிந்துவிட வேண்டாம். இங்கே அது மருந்து. ஒற்றைத் தலைவலி, கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்த வரலாறு இருந்தால் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மூன்றாவது, உணவும் நடையும். கூடுதல் எடை உள்ளவர்களுக்கு 5 சதவீதம் குறைந்தாலே பலருக்கு மாதவிடாய் மேம்படுகிறது. 70 கிலோ உள்ளவருக்கு அது மூன்றரைக் கிலோதான். வீட்டில் ஒருவருக்கு மட்டும் தனிச் சாப்பாடு என்பது நடக்காது. வீடு முழுவதும் பரோட்டாவையும் இனிப்பு டீயையும் குறைத்தால்தான் அவளாலும் முடியும். அவள் நடப்பதற்கு ஒரு நேரமும் துணையும் ஏற்பாடு செய்யாமல் “உடம்பைக் குறை” என்று சொல்வதில் பயனில்லை. உடலைக் கேலி பேசுவதை வீட்டில் யாரும் செய்யக் கூடாது. இந்நோய் உள்ளவர்களுக்கு மனச்சோர்வு அதிகம் வருகிறது. அதையும் மருத்துவர் கேட்டறிய வேண்டும் என்றே வழிகாட்டுதல் சொல்கிறது.

மெட்ஃபார்மின் மாத்திரை எடுப்பவர்கள் பெரும்பாலும் நோன்பு வைக்க முடியும். ஆனால் ஸஹரிலும் இஃப்தாரிலும் எப்படிப் பிரித்து எடுப்பது என்பதை ரமளானுக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

உதிரம் நாள்கணக்கில் நீடிக்கும்போது எந்த நாளிலிருந்து தொழுவது என்ற குழப்பம் நம் பெண்களுக்கு வருகிறது. மாதவிடாயின் அதிகபட்ச நாட்கள் ஹனஃபி மத்ஹபில் 10, ஷாஃபிஈ மத்ஹபில் 15. அதற்கு மேற்பட்டதற்குச் சட்டம் வேறு. உங்கள் நாள் குறிப்பைக் காட்டி ஆலிம் அல்லது ஆலிமாவிடம் கேளுங்கள். ஆனால் தொழுகைக்கு விடை கிடைத்துவிட்டது என்பதற்காக மருத்துவரிடம் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

பிள்ளைப் பேறும் திருமணப் பேச்சும்

பி.சி.ஓ.எஸ். என்றால் மலட்டுத்தன்மை அல்ல. முட்டை ஒழுங்காக வெளிவராததால் கரு தங்கத் தாமதமாகலாம். பலருக்கு இயல்பாகவே தங்குகிறது. உதவி தேவைப்படுபவர்களுக்கு முட்டை வெளிவரச் செய்யும் லெட்ரோசோல் போன்ற மாத்திரைதான் முதல் படி. எடுத்த எடுப்பில் லட்சக்கணக்கில் செலவாகும் சோதனைக் குழாய் சிகிச்சைக்குப் பெரும்பாலோர் போக வேண்டியதில்லை. தம்பதியர் இருவரும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். பெண்ணுக்கு நீர்க்கட்டி என்று தெரிந்ததும் ஆணின் பரிசோதனையை விட்டுவிடுவது பெரிய தவறு.

அந்தத் தாய் கேட்ட கேள்வி நம் எல்லோரிடமும் இருக்கிறது: யார் பெண் கேட்டு வருவார்கள்? இந்தப் பயத்தில்தான் மருத்துவரிடம் போவது தள்ளிப்போகிறது. அந்தத் தாமதத்தில்தான் சர்க்கரையும் மற்றதும் உள்ளே வளர்கின்றன. மகன் வீட்டாராக இருக்கும்போது நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதையும் யோசிக்க வேண்டும். பத்தில் ஒரு பெண்ணுக்கு வரக்கூடிய, மருந்தும் கட்டுப்பாடும் உள்ள ஒன்றுக்காகச் சம்பந்தத்தை முறிப்பவர்கள், தங்கள் வீட்டுப் பெண்ணுக்கும் அது வரலாம் என்பதை மறந்துவிடுகிறார்கள். மற்றவர் வீட்டுப் பெண்ணின் மருத்துவ விஷயத்தை வாயில் போட்டுப் பரப்பாமல் இருப்பதும் நம் பொறுப்பு.

நம் அறக்கட்டளையின் மருத்துவ உதவிப் பிரிவில் சகோதரிகளே இந்த விஷயத்தைக் கேட்டுக்கொள்கிறார்கள். மருத்துவமனைக்குத் துணைக்கு வருவார்கள். மருத்துவர் எழுதிய பரிசோதனைக்குப் பணம் இல்லாதவர்களுக்கு உதவுகிறோம். பெயர் வெளியே போகாது. உங்கள் மகளோ சகோதரியோ மருமகளோ மாதங்களைத் தள்ளிக்கொண்டிருந்தால், இன்றே ஒரு நோட்டில் தேதியை எழுதத் தொடங்குங்கள். ஏற்கெனவே 90 நாள் கடந்திருந்தால் குறிப்பு சேரட்டும் என்று காத்திராமல் இந்த வாரமே கூட்டிப்போங்கள்.

நம் பெண் மக்கள் அனைவருக்கும் அல்லாஹ் நல்ல உடல்நலத்தைத் தருவானாக. ஆமீன்.